நான் பூட்டலை

சாவிக்காரர் தம் மச்சானுக்கு முந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். முப்பத்து நான்கு வருஷத்துக் கடன். கையில் பணம் இல்லாததால் நின்ற கடன் என்று யாராவது நினைத்தால் அவர்கள் போய் வாயைக் கழுவிக்கொண்டு வரட்டும். ஒரு அரம், ஒரு கம்பி, பத்து விரல் என்று ஆரம்பித்து, கடைத்தெருவில் மூன்று கடை, மாடி வைத்த வீடு, மகளுக்கும் மகனுக்கும் கல்யாணம் என்று எல்லாவற்றையும் தானே செய்து முடித்த மனிதர் அவர். முந்நூறு அவருக்குப் பல் குத்துகிற காசு. இருந்தும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பதில்தான் அவருடைய மானமே இருந்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவர் சாவிக்காரர். பள்ளிக்கூடம்தான் இவனுக்கு விடை கொடுத்தது என்று அவருடைய அக்கா சொல்வாள். அக்கா என்றால் அப்படித்தான், எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். பதினெட்டு வயதில் நடைபாதையில் மரப்பெட்டி போட்டு உட்கார்ந்தார். பத்து வருஷம் கையாலேயே அரம் பிடித்துச் சாவி வெட்டினார். ஒரு சாவிக்கு அரை மணி நேரம். மெஷின் இருந்தால் இரண்டே நிமிஷம். மெஷின் விலை முந்நூறு. அக்காவைக் கட்டிய மச்சான் தச்சர்; கதவும் ஜன்னலும் செய்து அப்போதுதான் நாலு காசு பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட மாத்திரத்தில் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

எட்டாவது மாதமே சாவிக்காரர் மூன்று நூறு நோட்டோடு போய் நின்றார். மச்சான் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வச்சுக்கோ மாப்ளே. உன்னால திறக்க முடியாத பூட்டுன்னு ஒண்ணு வரும்ல, அன்னைக்குக் கொடு."

"அப்படி ஒண்ணு வராது மச்சான்."

"அப்ப உனக்கு லாபம்தானே. போய் வேலையைப் பாரு."

மச்சான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னார். சாவிக்காரர் அதைக் கல்வெட்டாக்கிவிட்டார். கடை வைத்ததும் பலகையில் 'திறக்காத பூட்டு இல்லை' என்று எழுதச் சொன்னார். எழுதியதைத் தலைகீழாகப் பிடித்து ரொம்ப அழகாக இருக்கிறது என்றார் என்று ஒரு பேச்சு உண்டு, பொறாமைக்காரர்கள் கட்டிவிட்டது. கடைக்கு வருகிற ஆள் எவராக இருந்தாலும், "என் மச்சானுக்கு முந்நூறு தரணும், இன்னும் தரலை, ஏன்னு கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்வார். வங்கி மேனேஜர் தன் வங்கி வாசலிலேயே கைகட்டி நின்ற கதை, குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே மாட்டிக்கொண்ட நீதிபதியின் கதை, புருஷன் பெட்டியை அவனுக்குத் தெரியாமல் திறக்கச் சொன்ன பெண்டாட்டியும் அரை மணி கழித்து அதே பெட்டியை அவசரமாகப் பூட்டச் சொன்ன புருஷனும் என்று கடன் கதைக்கு வால் நீண்டுகொண்டே போகும். அந்த மூன்று நோட்டும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அவருடைய பெட்டியில் பத்திரமாக இருந்தன.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மொத்தக் குடும்பமும் சாவிக்காரர் வீட்டில்தான் கூடும். வருஷா வருஷம் மச்சான் வரும்போது துணிப்பையோடு கூட ஒரு பூட்டும் வரும். துருப்பிடித்த கப்பல் பூட்டு, எண் திருப்புகிற பெட்டிப் பூட்டு, பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கிய, உள்ளே சிமெண்ட் போன பூட்டு என்று தேடிப்பிடித்துக் கொண்டுவருவார். டீ ஆறுவதற்குள் சாவிக்காரர் திறந்து கையில் கொடுப்பார். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் மாப்ளே" என்று மச்சான் பூட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். முப்பத்து மூன்று பூட்டு ஆயிற்று.

இந்த வருஷம் மச்சான் வெறுங்கையோடு வந்து இறங்கினார்.

"எங்க மச்சான், பூட்டு?"

"எனக்கும் வயசாகுதுல்ல. கடைக்குக் கடை ஏறி இறங்க முடியலை."

"அப்ப தோத்துட்டேன்னு சொல்லுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க. பிள்ளைங்க எல்லாம் கேக்கட்டும்."

"லீவு இன்னும் முடியலையே மாப்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டு மச்சான் வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனார். கதவு கதவாகத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். வீட்டின் ஏழு கதவும் அவர் செய்ததுதான். கூடத்தை ஒட்டிய சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தவர் வழக்கம்போல் முணுமுணுத்தார். "அந்த இழுப்பறை அலமாரியை அந்தச் சுவர்ப்பக்கம் தள்ளிப் போடுன்னு எத்தனை வருஷமா சொல்றேன். கீழ்த்தட்டை இழுத்தா கதவுல வந்து முட்டுது."

"முட்டினா கதவு தாங்கும். நீங்க செஞ்ச கதவுதானே" என்றார் சாவிக்காரர்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் ஏழு கதவுக்கும் பூட்டு உண்டு. ஒன்றுக்கும் சாவி கிடையாது. தொலைந்தவை தொலைந்தபடி. "நான் இருக்கிற வீட்டுக்குச் சாவி எதுக்கு?" என்பார். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பி இருக்கும், நுனி வளைந்தது ஒன்று, தட்டையானது ஒன்று. குளிக்கும்போது மட்டும் கழற்றி வைப்பார். அவருடைய மனைவி சாவிகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது.

மறுநாள் காலை வீடு சந்தைக்கடையாகிவிட்டது. பண்டிகைக்கு இன்னும் ஒரு நாள். மகளின் இரண்டு பையன்களும் மாடிப்படியில் தலையணையில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். மருமகள் கேக்குக்கு மாவு கலக்க, மகள் பக்கத்தில் நின்று அது எப்படித் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிய மாப்பிள்ளை நாற்காலியில் ஏறி விளக்குச் சரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தாள். மகனின் மகளுக்கு வயது ஐந்து. ஆள் சிறுசு, தொட்டால் குத்தும். அதனால் வீடே அவளைக் குண்டூசி என்று கூப்பிட்டது. காலையிலிருந்து அவள் ஒரே கேள்வியைப் பத்துப் பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: கிறிஸ்துமஸ் பரிசெல்லாம் எங்கே? பத்துப் பேரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள்: இன்னும் வாங்கவில்லை. பொய் சொல்லும்போது பத்துப் பேருடைய கண்ணும் சின்ன அறைப் பக்கம் போய் வந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு மருமகள்தான் முதலில் கேட்டாள். "குண்டூசி எங்க? வீடு ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?"

மாடிப்படியில் அப்போதும் சத்தம்தான். ஆனால் குண்டூசி இல்லாத சத்தம் தாய்க்கு அமைதியாகத்தான் கேட்கும். தேடினார்கள். சின்ன அறைக் கதவு சாத்தியிருந்தது. மருமகள் கைப்பிடியைத் திருகித் தள்ளினாள். நூலளவும் அசையவில்லை.

"குண்டூசி! உள்ளேயா இருக்க?"

"ம்."

"கதவைத் திறடி!"

"திறக்கலை அம்மா."

"ஏண்டி பூட்டினே?"

"நான் பூட்டலை."

"பாருங்க மாமா, உள்பக்கம் தாழ்க்குமிழைத் திருகிப் பூட்டிக்கிட்டு, பூட்டலைன்னு சாதிக்கிறா" என்றாள் மருமகள்.

சாவிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்த எழுச்சியைப் பார்க்க வேண்டும். ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்தால்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். சட்டைப்பையைத் தடவினார். கம்பிகள் இருந்தன.

"நகருங்க எல்லாரும். வெளிச்சத்தை மறைக்காதீங்க."

"மாப்ளே" என்றார் மச்சான், செய்தித்தாளைத் தாழ்த்தி. "குழந்தைகிட்டயே கேட்டு அவளையே திறக்கச் சொன்னா முடிஞ்சுது."

"கூடாது! யாரும் அவளுக்குச் சொல்லித் தரக் கூடாது. வீட்டுல நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?"

மச்சான் செய்தித்தாளை மடித்துப் பக்கத்தில் வைத்தார். "அப்ப இதுதான் இந்த வருஷத்துப் பூட்டு. சரியா? நீ திறந்துட்டா அந்த முந்நூறை நான் மறந்துட்டேன், தோத்துட்டேன்னு நடுக்கூடத்துல நின்னு சொல்றேன். வேற யார் கையால திறந்தாலும் முந்நூறை இன்னைக்கே எண்ணி வைக்கணும்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றார் சாவிக்காரர். மாடிப்படிப் பையன்கள்கூடத் தலையணையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

அவர் மண்டியிட்டார். தட்டைக் கம்பியை உள்ளே விட்டு, வளைந்த கம்பியால் துழாவி, கண்ணை மூடிக்கொண்டார். பூட்டோடு பேசும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் அது பிடிக்கும். உள்ளே இருந்த ஊசிகள் ஒவ்வொன்றாகக் கம்பிக்கு வழிவிட்டன. எண்ணிப் பதினைந்தே விநாடி. தட்டைக் கம்பியை இடப்பக்கம் திருப்பினார். அந்த வீட்டுப் பூட்டெல்லாம் இடப்பக்கம் திருப்பினால் திறக்கும்.

திரும்பவில்லை.

மறுபடி திருப்பினார். சுவரில் முட்டிய மாதிரி நின்றது.

"என்ன மாப்ளே, உள்ளே கல்லா?"

"பூட்டுல ஒண்ணும் இல்லை மச்சான். மாட்டின ஆள்கிட்டதான் கோளாறு. தலைகீழா மாட்டியிருக்கீங்க. திறக்கிற பக்கம் மாறிப்போச்சு."

"நானா? தலைகீழாவா?" என்றார் மச்சான். மீசையைத் தடவிக்கொண்டார்.

"தாத்தா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் பூட்டலை."

"சரிடா கண்ணு, நீ பூட்டலை. பூட்டு தானாப் பூட்டிக்கிச்சு. தாத்தா திறந்துடறேன், பயப்படாதே."

"நான் பயப்படலை. பூட்டவும் இல்லை."

"பிடிவாதத்தைப் பாரு, அப்படியே இந்த வீட்டு ரத்தம்" என்று அக்கா பெருமைப்பட்டாள்.

சாவிக்காரர் தட்டைக் கம்பியை வலப்பக்கம் திருப்பினார். வெண்ணெயில் கத்தி போல் போயிற்று. டக்.

"கேட்டுதா? எல்லாரும் கேட்டீங்களா?"

பையன்கள் கை தட்டினார்கள். சாவிக்காரர் எழுந்து, சட்டையைச் சரிசெய்து, கைப்பிடியைத் திருகித் தள்ளினார். கதவு அசையவில்லை. கைதட்டல் பாதியில் நின்றது.

"இரட்டைத் திருப்புப் பூட்டு" என்றார் அவர், யாரும் கேட்காமலேயே. "ரெண்டு சுத்து. எனக்குத் தெரியாதா?" மறுபடி மண்டியிட்டு, மறுபடி வலப்பக்கம். டக்.

இந்த முறை தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு கோயில் தூண் மாதிரி நின்றது.

நடைபாதையில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் கைக்கு இப்படி ஒரு பூட்டு வந்ததில்லை. எல்லாம் ஒழுங்காகத் திரும்புகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மருமகள் கேக்கு மாவுக் கரண்டியோடு, "மாமா, அவளையே திருப்பச் சொல்லிடலாமே?" என்று மெல்லக் கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கரண்டி சமையலறைக்கே திரும்பிப் போனது.

அப்போதுதான் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. சர்ர்ர் என்று ஒரு மர இழுப்பறை உள்ளே போகிற சத்தம். கடைசியில் 'தொப்' என்று முடிந்தது. பிறகு சின்னக் கால்கள் குதித்து வருகிற சத்தம். கைப்பிடி உள்ளிருந்து திருகியது. கதவு ஆடியது, இதுவரை நூலளவும் அசையாத கதவு, இப்போது பூட்டில் மாட்டிக்கொண்டு லொடலொடவென்று ஆடியது.

"தாத்தா" என்றாள் குண்டூசி. "இப்பதான் பூட்டியிருக்கு."

கூடத்தில் இருந்த யாருக்கும் அந்தப் பேச்சு விளங்கியதாகத் தெரியவில்லை. குழந்தை எதையோ உளறுகிறது என்று இருந்துவிட்டார்கள். சாவிக்காரருக்கு ஊசி ஏற்றியது போல் விளங்கியது. பரிசுகள் அந்த இழுப்பறை அலமாரி மேல். ஏறுவதற்கு இழுப்பறைத் தட்டுகள்தான் படிக்கட்டு. கீழ்த்தட்டை முழுக்க இழுத்ததும் அது கதவில் வந்து முட்டிக்கொண்டது. பூட்டு பூட்டவே இல்லை. அதனால்தான் இடப்பக்கம் திரும்பவில்லை. திறந்திருக்கிற பூட்டை இன்னும் எங்கே திறப்பது? திறந்திருந்த பூட்டை, ஊர் பார்க்க, மண்டியிட்டு, கண்ணை மூடி, ஒன்றுக்கு இரண்டு சுற்றாகப் பூட்டியது அவரேதான். அதற்குக் கைதட்டலும் வாங்கியாயிற்று.

சட்டென்று இடப்பக்கம் இரண்டு சுற்றுத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. யானைக்கும் அடி சறுக்கும், சறுக்கியது தெரிவதற்குள் எழுந்துவிடலாம். கம்பியைப் பூட்டுக்குள் விட்டார். நாற்பத்து நான்கு வருஷத்தில் அவர் ஒரு கம்பியையும் கீழே போட்டதில்லை. வளைந்த கம்பி விரலிலிருந்து நழுவித் தரையில் துள்ளி, கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே போய்விட்டது.

"ஐ! தாத்தாவோட கம்பி!" என்றாள் உள்ளே இருந்தவள்.

"தள்ளிவிடுடா கண்ணு, தாத்தாகிட்டத் தள்ளிவிடு."

"மாட்டேன். எனக்கு வேணும்."

"யாருகிட்டயாவது கொண்டை ஊசி இருக்கா?" என்று சாவிக்காரர் கூடத்தைப் பார்த்துக் கேட்டார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

"போதும் மாப்ளே, குழந்தைக்குப் பசிக்கும்" என்று மச்சான் எழுந்து வந்தார். கதவருகே குனிந்து, "குண்டூசி, கைப்பிடிக்கு மேல உருண்டையா ஒரு குமிழ் இருக்கும் பாரு. அதை ஜன்னல் பக்கமாத் திருப்பு. ரெண்டு தடவை."

டக். டக்.

கதவு திறந்தது. உள்ளே ஒரே வண்ணக் காகிதக் குப்பை. நடுவில் குண்டூசி, ஒரு கையில் பொம்மை, மறு கையில் கம்பி. ஒரு பரிசைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. வெளியே வந்ததும் வராததுமாக அறிவித்தாள்: "அண்ணனுக்குப் பந்து. அத்தைக்குக் குடை. அம்மாவுக்குப் பை, அப்பா சின்னதா வாங்கியிருக்காரு. தச்சுத் தாத்தாவுக்குச் செருப்பு."

"சின்னதாவா?" என்று மருமகள் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த மகன், வந்த வழியே வெளியே போனான்.

"பையெல்லாம் அப்புறம்" என்றார் மச்சான். "யார் கையால கதவு திறந்துச்சு? பிள்ளைங்களே, நீங்க சொல்லுங்க."

"குண்டூசி!" என்று இரண்டு பையன்களும் கத்தினார்கள். "அஞ்சு வயசு!" என்று ஒருவன் சேர்த்துக்கொண்டான்.

சாவிக்காரர் வாசலில் நின்று இழுப்பறையைப் பார்த்தார். கதவின் உட்பக்கம், முழங்கால் உயரத்தில், தட்டு முட்டிய தடம் புதிதாகத் தெரிந்தது. அதைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூட்டவே இல்லாத பூட்டு, பந்தயம் செல்லாது, முப்பத்து நான்கு வருஷ மானம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன அடுத்த நிமிஷமே, திறந்த கதவைப் பூட்டியவர் என்று ஆகிவிடும். பையன்கள் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். மாப்பிள்ளை அலுவலகத்தில் சொல்வார். அக்கா எங்கெல்லாம் சொல்வாள் என்பதற்குக் கணக்கே இல்லை. திறக்க முடியாத பூட்டு எந்த வீரனுக்கும் ஒன்று வரும்; அதில் ஒரு கௌரவம் உண்டு. இதில் என்ன உண்டு?

"பூட்டு கொஞ்சம்..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். "ரொம்பக் கஷ்டமான பூட்டு."

"நான்தான் பூட்டலைன்னு சொன்னேன்ல" என்று குண்டூசி ஆரம்பித்தாள். "தாத்தாதான் வெளியேருந்து..."

தாத்தா அவளை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் அறைப் பக்கம் நடந்தார். "வாடா கண்ணு, தாத்தாவோட பெட்டியைப் பார்க்கலாம்." மச்சானும் பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்தினார்.

"மாப்ளே" என்றார் தணிந்த குரலில். "இழுப்பறையை இழுக்கிற சத்தம் எனக்குப் பேப்பர் படிக்கும்போதே கேட்டுது. நான் செஞ்ச இழுப்பறை, அது குரல் எனக்குத் தெரியாதா?"

சாவிக்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை. "அப்ப, நான் பூட்டும்போது..."

"ரெண்டு டக்கும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். தலைகீழா மாட்டினேன்னு சொன்னே பாரு, அதுக்கப்புறம் ஏன் சொல்லணும்?"

"வெளியே சொல்லுவீங்களா?"

"எதை?" என்று மச்சான் உள்ளங்கையை விரித்தார். தச்சு வேலை செய்து காய்த்துப்போன கை.

சாவிக்காரர் பெட்டியைத் திறந்தார். அதற்குப் பூட்டு இல்லை. உறையைப் பிரித்தார். மூன்று நோட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, எச்சில் தொட்டு, ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று உரசிப் பார்த்து வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதை வைக்கும்போது அவர் விரல் அதை உடனே விடவில்லை. மச்சான் மெல்ல இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலை மாப்ளே, கவலைப்படாதே" என்று மச்சான் மடித்துப் பையில் வைத்தார்.

இடுப்பில் இருந்தவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கம்பியைத் தாத்தாவின் சட்டைப்பையில் அதன் இடத்திலேயே செருகிவிட்டு, காலியான கையை விரித்து நீட்டினாள்.

"நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

சாவிக்காரர் சில்லறை டப்பாவை எடுத்தார். சின்ன உள்ளங்கையில் ஒவ்வொரு காசாக வைக்க, அவள் உரக்க எண்ணினாள். பத்து வரைக்கும் வந்தது. பத்துக்கு மேல் அவளுக்குத் தெரியாது. தாத்தா டப்பாவை மூடப் போனார்.

"மூடாதீங்க" என்றாள் குண்டூசி. "இப்ப மறுபடியும் ஒண்ணுலேருந்து."

கை விரித்தபடியே இருந்தது. சாவிக்காரர் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.